தகுதிச் சுற்றுக்கு ஒரு பிறப்புச் சான்று

என் தங்கை மகள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவள். நான் பந்து காலில் பட்டாலே விசில் ஊதிப் பழகியவன். கோவில்பட்டியில் முப்பத்திரண்டு வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, ஹாக்கியைத் தவிர வேறெதையும் விளையாட்டு என்று மதிக்காமலே ஓய்வு பெற்றேன். அதனால் அவள் ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடுகிறாள் என்று தங்கை சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெண்பிள்ளை பல்லை உடைத்துக்கொண்டு வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். "ஹாக்கியில ஒனக்கு எத்தன பல்லு போச்சுண்ணே?" என்றாள். இரண்டு. பேச்சை மாற்றிவிட்டேன்.

எனக்கு மருமகள் முறையான அவள் அங்கேயே பிறந்தவள். தங்கை நர்ஸ் வேலைக்குப் போய் அந்த ஊரிலேயே தங்கிவிட்டாள். தங்கையின் கணவர் மலேசியாத் தமிழர். பிள்ளைக்குத் தமிழ் முழுக்க அம்மாவிடமிருந்து வந்தது. அதனால் கடம்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துப் பேச்சை அப்படியே பேசுவாள், நடுவில் இங்கிலீஷ் வரும்போது மட்டும் வேறு ஊர்க்காரி ஆகிவிடுவாள். வாரம் ஒருமுறை போனில் எனக்குப் பாடம் எடுத்தாள். ஒரு பக்கம் பதின்மூன்று பேர். பந்தைப் பின்னால்தான் எறியலாம், முன்னால் எறியக் கூடாது. ஆறு தடவை பிடித்து அமுக்கிவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எனக்கு அது கபடிக்காரன் கையில் பந்தைக் கொடுத்தது போலத் தெரிந்தது. சொன்னதும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான் மாமா" என்றாள்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். குரலே வேறாக இருந்தது. "மாமா, என்னைய இந்தியா டீமுக்குக் கூப்பிட்டிருக்காவ."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தியாவில் கால் வைத்தே நாலு தடவைதான் இருக்கும், அவள் எப்படி இந்தியாவுக்கு ஆடுவாள்? அவள் பொறுமையாகச் சொன்னதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். உலகக் கோப்பைக்குப் போன தடவை கடைசிக் கட்டம் வரை வந்த அணிகள் நேராக உள்ளே போய்விடும். மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு இடம். அதற்கு உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி நாடுகளை மோதவிடுவார்கள். அதில் தோற்றால் அங்கேயே முடிந்தது. ஜெயித்தால் மற்றப் பகுதிகளில் ஜெயித்தவர்களோடு இன்னொரு சுற்று மோத வேண்டும். இந்த விளையாட்டு அதிகம் வேர் பிடிக்காத நாடுகளுக்கு உள்ளூர் ஆட்டக்காரர்கள் போதாது. அதனால் ஒரு விதி. ஆடுகிறவரோ, அவரைப் பெற்றவர்களோ, பெற்றவர்களைப் பெற்றவர்களோ அந்த நாட்டில் பிறந்திருந்தால் அந்த நாட்டுக்கு ஆடலாம். பிரிஸ்பேனில் பிறந்தவள் கோவில்பட்டி வழியாக இந்தியாவுக்குள் நுழைவது இப்படித்தான்.

"அம்மாவோட பெர்த் சர்டிபிகேட் வேணும் மாமா. தாத்தா ஆச்சிக்குத்தான் பதிவே கெடையாதே. அம்மாகிட்ட இருக்கிறது பள்ளிக்கூடத்துல குடுத்ததுதான். ஒரிஜினல் பதிவுல இருந்து எடுத்த நகல் கேக்குதாவ. ரெண்டு வாரத்துக்குள்ள பேர் லிஸ்ட் குடுக்கணும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "தாய்மாமன் சீருன்னு நெனச்சுக்கோங்க" என்றாள். நான் சிரித்தேன். இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அப்படிச் சொன்ன வாயை இன்றைக்கும் நொந்துகொள்கிறேன்.

நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். தங்கையின் பாஸ்போர்ட்டில் இருந்த தேதியைக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் பழைய பதிவைக் கண்டுபிடித்துவிட்டாள். பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், தேதி, பிறந்தது ஆஸ்பத்திரியில், எல்லாம் சரி. நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "இதே பேருக்கு இறப்புப் பதிவும் இருக்கே. பதினோரு மாசக் கொழந்த. அப்பா பேரு, அம்மா பேரு, ஊரு எல்லாம் ஒண்ணுதான். இது யாரு சார்?"

"அது மூத்தவ" என்றேன்.

"அப்ப இளையவங்களுக்குப் பதிவு?"

"இருக்காது. அவ வீட்டுல பொறந்தா."

அவள் என்னைப் பார்த்தாள். ஐம்பது வருடமாக நான் யாரிடமும் சொல்லாததை ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. "கேட்டா ரெண்டு நகலும் நான் குடுக்கணும் சார். எத வாங்குதீங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். இரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூத்தவள் பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவள் என்பதால் அந்தத் தெய்வத்தின் பெயரையே வைத்தார்கள். பதினோரு மாதத்தில், ஐப்பசி மழையில், அவளுக்குக் காய்ச்சல் கண்டது. விடிந்ததும் வண்டி கட்டினார்கள். கரிசல் மண் காய்ந்து கிடந்தால் வெடிப்பில் கால் மாட்டும், நனைந்தால் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி அப்பிக்கொண்டு ஓரடி நகர விடாது. அன்றைக்கு வண்டி மூன்று இடத்தில் சேற்றில் இறங்கி நின்றது. அப்பா கம்பால் சக்கரத்து மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தார். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அனலாக இருந்தது. ரோட்டில் ஏறிக் கோவில்பட்டி தெரிகிற இடத்துக்கு வந்தபோது கால் குளிர்ந்துவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்தேன். "அம்மா, பாப்பாவுக்குக் காச்சல் போயிட்டு" என்று நான்தான் முதலில் சொன்னேன், சந்தோஷமாக.

தங்கை பிறந்தது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து. போன பிள்ளையைத் தெய்வமே திருப்பிக் கொடுத்தது என்று சொல்லி அதே பெயரை அவளுக்கும் வைத்தார்கள். எங்கள் பக்கம் அப்படி வைப்பது உண்டு. பிறந்ததை யாரும் எங்கேயும் பதியவில்லை. அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா போனபோது நானும் கூடப் போனேன். எனக்குப் பன்னிரண்டு வயது. தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டார். அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்த மூத்தவளின் பிறப்புச் சீட்டை மேஜையில் வைத்தார். "அப்பா, இது..." என்று நான் ஆரம்பித்தேன். அப்பா என் தோளை அழுத்தினார். வெளியே வந்த பிறகு, "பேரு ஒண்ணு, தாய் தகப்பன் ஒண்ணு. இருக்குத சீட்ட எதுக்குப்பா சும்மா போட்டு வைக்கணும்?" என்றார். அதில் ஒரு தப்பும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வருடம் வாங்கிய விதை மிச்சம் இருந்தால் அடுத்த வருடம் விதைப்பதில்லையா, அந்த மாதிரிதான் பேசினார்.

இப்படியாக என் தங்கை இரண்டு வருடத்துக்கும் கூடுதலாக வயது ஏறிப் படித்தாள், வேலைக்குப் போனாள், கடல் தாண்டினாள். தனக்கு முன் ஒரு பிள்ளை இறந்தது அவளுக்குத் தெரியும். தன் தேதி அந்தப் பிள்ளையுடையது என்று தெரியாது. அப்பாவும் அம்மாவும் அதைச் சொல்லாமலே போய்விட்டார்கள். ஊரில் பிறந்தநாள் கொண்டாடுகிற பழக்கம் இல்லாததால் சிக்கல் வரவில்லை. ஆஸ்திரேலியா போன பிறகு கேக் வெட்ட ஆரம்பித்தாள். கார்த்திகையில் அந்தத் தேதிக்கு நானும் வருடம் தவறாமல் கூப்பிட்டு வாழ்த்துவேன். சொல்லும்போது எனக்குக் கையில் அந்தக் குளிர்ந்த கால்தான் தட்டுப்படும்.

நகல் எடுத்துவந்த அன்று மாலையே போட்டி நடத்துகிறவர்களின் படிவமும் மெயிலில் வந்துவிட்டது. தாயைப் பிறப்பிலிருந்து அறிந்த மூத்த உறவினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்: சான்றிதழில் குறிப்பிட்டவரும் ஆட்டக்காரரின் தாயும் ஒருவரே. ஒரே வரி. அதன் கீழே இன்னொரு எச்சரிக்கை. தகுதியில்லாத ஒருவர் ஆடியது பிறகு தெரியவந்தால், அணி ஜெயித்த ஆட்டமும் தோற்றதாகிவிடும்.

நான் எப்படிப்பட்டவன் என்று ஒன்று சொல்ல வேண்டும். மாவட்டப் போட்டிகளில் பிள்ளைகளின் வயதுச் சான்றிதழைச் சரிபார்க்கிற பொறுப்பு பல வருடம் என்னிடம் இருந்தது. அரை இறுதிக்கு வந்த ஓர் அணியையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு பையனின் தேதி திருத்தப்பட்டிருந்தது. அவனுடைய அப்பா கயத்தாற்றிலிருந்து பஸ் ஏறி வந்து, "தெரியாமப் பண்ணிட்டோம் சார், பிள்ளைய ஆடவிடுங்க" என்று கையைப் பிடித்தார். நான் கையை உதறிக்கொண்டேன். காகிதத்தில் பொய் சொன்னவன் களத்திலும் பொய்தான் ஆடுவான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நல்ல வசனம் பேசிவிட்ட திருப்தி அன்றைக்கு இருந்தது.

படிவம் மூன்று நாள் மேஜையில் கிடந்தது. மனைவியிடம் மட்டும் நடந்ததைச் சொல்லியிருந்தேன். நாலாவது நாள் அவள் பொறுமை இழந்தாள். "அவ அம்மா இந்த மண்ணுல பொறந்தவதான? அதுல என்ன பொய்யி? தேதிதான மாறிக் கெடக்கு. போட்டுக் குடுத்துட்டுப் போங்க. அந்தப் பிள்ள ரெண்டு வருசமா முட்டி தேய ஓடியிருக்கா."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மருமகளுக்குத் தகுதி உண்டு, அதில் சந்தேகமே இல்லை. கையெழுத்துப் போட எனக்குக் கை வராததற்கு விதி மட்டும் காரணமில்லை. மூத்தவளுக்கு இந்த உலகத்தில் இருக்கிற காகிதம் இரண்டே இரண்டு. ஒரு போட்டோ கிடையாது. புதைத்த இடத்தில் இப்போது காற்றாலை நிற்கிறது. அவளைத் தொட்டுப் பார்த்தவர்களில் மிச்சம் நான் ஒருவன்தான். பிறப்புச் சீட்டைத் தங்கையுடையது என்று நானே எழுதிக்கொடுத்துவிட்டால், மூத்தவள் பிறக்காமலே செத்த பிள்ளையாகிவிடுவாள். இதை மனைவியிடம் சொன்னேன். "அப்ப தங்கச்சிட்ட சொல்லிருங்க" என்றாள்.

தங்கையைக் கூப்பிட்டபோது டூட்டி முடிந்து காரில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். தலைமையாசிரியரின் மேஜை, அப்பாவின் கை, சீட்டு, எல்லாம். காருக்குள் சீட்பெல்ட்டைப் போடச் சொல்லும் சத்தம் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்ப வருசா வருசம் நீ வாழ்த்துச் சொன்னது யாருக்குண்ணே?" என்று கேட்டாள்.

அழுகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை. நர்ஸ் குரலில் கேட்டாள்: "கண்டுபிடிச்சா என்ன ஆகும்?"

"டீமே போயிரும்."

"அப்ப கையெழுத்துப் போடாத. நடந்தத அப்படியே எழுதி அனுப்பு. ரெண்டு நகலையும் சேத்து வை." போனை வைக்கப் போகும்போது, "பிள்ளகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

எழுதி அனுப்பினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. விளக்கத்தைப் பரிசீலிப்பார்களாம், ஆனால் பெயர்ப் பட்டியலுக்கான கெடுவுக்குள் முடிவு சொல்ல முடியாதாம். விதி என்றால் அப்படித்தான். அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். மருமகள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். "ஒரே ஒரு சைன் மாமா. என் அம்மா இந்தியாவுல பொறந்தவதானே? ஏன் மாமா இப்படிப் பண்ணுதீங்க?" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாள்.

ஆட்டம் புரட்டாசியில், பாங்காக்கில். அணியோடு அவளையும் கூட்டிப் போயிருந்தார்கள், ஆட அல்ல. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நானும் மனைவியும் போனைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். யாராவது கீழே விழுந்த போதெல்லாம் ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஓர் உருவம் இரண்டு பாட்டிலோடு உள்ளே ஓடி வந்து, கொடுத்துவிட்டு, ஓடிப் போனது. அவ்வளவு வேகமாக ஓடினாள். முகம் தெரியவில்லை.

நம் பிள்ளைகள் நன்றாகத்தான் ஆடினார்கள். முக்கால்வாசி நேரம் இரண்டு புள்ளி முன்னால் இருந்தார்கள். கடைசியில் எதிரணி பந்தை இடது ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனது. அங்கே நின்ற நம் பெண் உள்பக்கம் சாய்ந்துவிட்டாள். வெளியே ஒரு சந்து விழுந்தது. அதில் புகுந்து ஒருத்தி மூலையில் பந்தை வைத்துவிட்டாள். அப்படி வைப்பதற்கு டிரை என்று பெயர், நாலு புள்ளி. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். இடது ஓரம் என் மருமகளின் இடம். அவள் நின்றிருந்தால் பிடித்திருப்பாள் என்று நான் சொல்ல முடியாது. பிடித்திருக்க மாட்டாள் என்றும் சொல்ல முடியாது. மனைவி போனை எடுத்து அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மருமகள் ஒரு மாதத்துக்கு மேல் பேசவில்லை. எனக்கு அது வலித்தது. அந்தக் கயத்தாற்றுக்காரரின் மகனுக்கு இப்போது நாற்பது வயதாவது இருக்கும். அவன் வீட்டில் எத்தனை நாள் பேச்சில்லாமல் இருந்ததோ என்று முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன்.

ஐப்பசிக் கடைசியில் போட்டி நடத்துகிறவர்களிடமிருந்து முடிவு வந்தது. தாயின் சொந்தப் பிறப்பு முறைப்படி பதிவு செய்யப்பட்டால், வீராங்கனை அடுத்த தகுதிச் சுற்றில் ஆடலாம். அடுத்தது எப்போது என்று கேட்டேன். நாலு வருடம் ஆகலாம் என்றாள் தங்கை. "இருபத்தாறு வயசுல ஓடமாட்டாளா என்ன? நீ பதிவு பண்ணு" என்றாள்.

அரை நூற்றாண்டு பிந்திய பிறப்பைப் பதிய, கோட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். படிவத்தை வாங்கிவந்து வரிசையாக நிரப்பினேன். பெயர். தாய், தந்தை. பிறந்த இடம், வீடு. அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. பிறந்த தேதி.

மூத்தவள் பிறந்த நாள் எனக்குத் தெரியும், இறந்த நாள் தெரியும், வண்டி எந்தெந்த இடத்தில் இறங்கி நின்றது என்று இன்றைக்கும் போய்க் காட்டுவேன். உயிரோடிருக்கும் தங்கை என்றைக்குப் பிறந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பருத்தி எடுக்கிற காலம், அதுவரை தெரியும். அதற்கு மேல் ஏன் தெரியவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தான் தங்கையிடம் சொல்ல வேண்டியிருந்தது.

போனில் சொன்னேன். "நீ பொறந்தப்ப நான் ஒன்ன வந்து பாக்கலட்டி. அந்தப் பேர ஒனக்கு வச்சிட்டாங்கன்னு கோவம். கூப்பிடக் கூப்பிட உள்ள வரல. தொழுவத்துலயே கெடந்தேன். ரெண்டு நாளோ மூணு நாளோ, கணக்குத் தெரியல."

மெதுவாகக் கேட்டாள். "பெறவு எப்ப பாத்த?"

"கழுகுமலையில பங்குனி உத்திரத் தேரு. எல்லாரும் போயிட்டாவ. நீ தொட்டில்ல கெடந்து அழுத. அம்மா அசந்து தூங்கிட்டா. வேற ஆளில்ல. நான்தான் வந்து ஆட்டினேன். அன்னைக்குத்தான் பாத்தேன்."

"அந்த நாளு தெரியுமா?"

"பழைய பஞ்சாங்கம் பாத்தா தெரிஞ்சிரும். ஆனா அது நீ பொறந்த நாளு இல்ல."

"எனக்குத் தெரியும்ணே" என்றாள். "ஆனா நான் வந்துட்டேன்னு நீ ஒத்துக்கிட்ட நாளு அதுதான? அதையே எழுது."

பொய்த் தேதி எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்ல முப்பத்திரண்டு வருட அனுபவம் என்னிடம் இருந்தது. சொல்லவில்லை. அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தைத் தேடிப் பிடித்து, நாள் பார்த்து, கட்டத்தில் தெளிவாக எழுதினேன். கீழே சாட்சி என்ற இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். வருகிற பங்குனியில் அந்தத் தேதிக்கு அவளை நான் கூப்பிட்டு வாழ்த்த வேண்டும்.